அத்தியாயம் 4: கடிதத்தைத் தானே படிக்கும் வரை

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சிறைவாசிக்கு வீட்டிலிருந்து கடிதம் வருகிறது. அலுவலகத்தில் பிரித்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அது விதி, அதில் நாம் செய்ய ஒன்றுமில்லை. வாங்கியவர் அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, பிளாக்கில் படிக்கத் தெரிந்தவர் யார், அவர் இப்போது நல்ல மனநிலையில் இருக்கிறாரா என்று நோட்டம் பார்த்துக்கொண்டு திரிவார். படித்துச் சொல்பவருக்குக் கூலி உண்டு. கேன்டீனில் வாங்கிய ஒரு பிஸ்கட் பொட்டலம், இல்லையென்றால் இரண்டு நாள் அவர் துணியைத் துவைத்துப் போடுவது. எப்படியானாலும் அன்றைக்கு லாக்கப் பூட்டுவதற்குள், இவர் தங்கைக்கு வந்த வரன் ஏன் தட்டிப்போனது என்பது அந்த அறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

முதியோர் கல்வி என்றதும் நமக்கு விளக்கு, இருள், ஒளி என்றெல்லாம் பேசத் தோன்றும். சிறைக்குள் அந்தப் பேச்சு எடுபடாது. அங்கே வந்து உட்காரும் மனிதருக்கு வேண்டியது மிகச் சின்னது: தன் வீட்டுச் சங்கதி தன்னோடு இருக்க வேண்டும். குளிப்பது, தூங்குவது, அழுவது எல்லாமே பத்துப் பேர் பார்க்க நடக்கும் இடத்தில், ஒரு தாளையாவது தனியாகப் பார்க்க வேண்டும். ஆகவே இந்த அத்தியாயத்தில் சொல்லும் எழுத்தறிவு வகுப்புக்கு அளவுகோல் ஒன்றே ஒன்று. தனக்கு வந்த கடிதத்தை இன்னொருவர் வாயைப் பார்க்காமல் அவரால் படிக்க முடிகிறதா? பாடத்திட்டம், நேரம், சொற்கள், தேர்வு எல்லாவற்றையும் இதை வைத்தே எடைபோட்டிருக்கிறேன். ஆண்களுக்கான ஒரு மத்திய சிறையில் நடத்திய வகுப்புகளே என் அனுபவம். மகளிர் சிறை வேறு உலகம். ஆறு வயது வரை குழந்தையைத் தாயோடு வைத்துக்கொள்ளலாம் என்பதால் அங்கே வகுப்பில் மடியிலும் தரையிலும் பிள்ளைகள் இருப்பார்கள். அதற்குத் தனி அத்தியாயமே தேவை.

கேட்டுக்கு வெளியே

தனியாளாகப் போய்ச் சிறைக் கண்காணிப்பாளர் முன் நின்று அனுமதி கேட்காதீர்கள். மாவட்ட வயதுவந்தோர் கல்வி அலுவலகம், ஒரு கல்லூரி, ஏற்கெனவே உள்ளே வேலை செய்யும் தொண்டு நிறுவனம், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இவற்றில் ஏதாவது ஒன்றின் கடிதத்தோடு போங்கள். மத்திய சிறைகளில் சிறைப்பள்ளி ஆசிரியரும் நல அலுவலரும் இருப்பார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டுப் புதுக்கடை போட வந்தவர் மாதிரி நடந்துகொண்டால் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

அனுமதி கொடுப்பவர் கண்காணிப்பாளர். ஆனால் வகுப்பு நடப்பதும் நடக்காமல் போவதும் தலைமை வார்டர் கையில். பிளாக்குக்குப் போய்ப் பெயர் கூப்பிட்டு, ஆட்களை எண்ணி, அழைத்துவந்து உட்காரவைத்து, முடிந்ததும் மறுபடி எண்ணிக் கொண்டுபோய் விடுவது அவருக்குக் கூடுதல் வேலை. உங்களால் அவருக்கு என்ன லாபம்? முதல் இரண்டு வாரம் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் தாமதிக்காமல் வந்து, சொன்ன நேரத்துக்கு முடித்துவிடுங்கள். அந்த ஒழுங்குதான் அவருக்கு நீங்கள் தரும் மரியாதை. மூன்றாவது வாரம் அவரே, "இன்னிக்கு ரெண்டு பேரு புதுசா வந்திருக்காங்க சார்" என்பார்.

கையில் என்ன கொண்டுபோகலாம் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். போன், பணம், சாவிக்கொத்து எல்லாம் கேட்டில் விட்டுவிட வேண்டும். கம்பி போட்ட ஸ்பைரல் நோட்டு, ஸ்டேப்ளர் பின், இரும்பு ஸ்கேல், காம்பஸ் வேண்டாம். ஷார்ப்னரை நாம் பள்ளிச் சாமான் என்று நினைப்போம். உள்ளே அது ஒரு திருகாணியும் ஒரு பிளேடும். பென்சில்களை வீட்டிலேயே சீவி எடுத்துக்கொண்டு, எத்தனை கொடுத்தோமோ அத்தனையையும் எண்ணித் திரும்ப வாங்குங்கள். நூலால் தைத்த நோட்டே நல்லது. உடையிலும் ஒரு விஷயம் உண்டு. தண்டனைச் சிறைவாசிகள் வெள்ளை உடுத்துகிறார்கள், காவலர்கள் காக்கி. நீங்கள் இரண்டும் இல்லாமல் ஏதாவது நிறச் சட்டையில் போங்கள். கோபுரத்தில் நிற்பவர் தூரத்திலிருந்து பார்த்தாலே நீங்கள் யாரென்று தெரிய வேண்டும்.

இன்னொன்று கட்டாயம் நடக்கும். நான்காவது, ஐந்தாவது வகுப்பில் ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, மடித்த தாள் ஒன்றை நோட்டுக்கு அடியில் வைத்து, "இத மட்டும் தபால்ல போட்டுடுங்க சார்" என்பார். உள்ளே அம்மாவுக்கு நாலு வரி மட்டும்தான் இருக்கும். இருந்தாலும் வாங்காதீர்கள். அனுமதியில்லாத பொருளைக் கொண்டுபோவதையும் எடுத்துவருவதையும் 1894-ஆம் ஆண்டுச் சிறைச்சட்டத்தின் 42-ஆம் பிரிவு குற்றமென்றே சொல்கிறது. மறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், "அண்ணே, இத நான் எடுத்துட்டுப் போனா நாளைக்கு இந்த வகுப்பே இருக்காது. ஆபீஸ் வழியா அனுப்புங்க, எழுத நான் உதவுறேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் உங்களைச் சோதித்துத்தான் பார்க்கிறார். நீங்கள் வாங்கியிருந்தால் அடுத்த வாரம் தாளின் அளவு கூடியிருக்கும்.

யார் வந்து உட்காருவார்கள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்கு. மொத்தத்தில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் வகுப்பின் தலையெழுத்து தெரிந்துவிடும். இன்றைக்கு முன்வரிசையில் ஆர்வமாக இருந்தவர் அடுத்த செவ்வாய்க்கிழமை வாய்தாவுக்குப் போயிருப்பார். அதற்கடுத்த வாரம் ஜாமீனில் வெளியே போயிருப்பார். அவர் இடத்தில் ‘அ’ தெரியாத ஒருவர் இருப்பார்.

இது தெரியாமல் நான் முதலில் ஆறு மாதத்துக்கு ஒரு திட்டம் போட்டேன். முதல் மாதம் உயிரெழுத்து, இரண்டாம் மாதம் மெய், பிறகு உயிர்மெய். 247 எழுத்தையும் வரிசையாக ஏறி முடிப்பதாக ஏற்பாடு. மூன்றாம் மாதம் பார்த்தால், தொடக்கத்தில் இருந்த பதினெட்டுப் பேரில் நால்வர்தான் இருந்தார்கள். போன பதினான்கு பேரும் உயிரெழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். உயிரெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் என்ன எழுதுவார்? அம்மா என்றுகூட எழுத முடியாது.

அன்றிலிருந்து பிடித்துக்கொண்ட விதி இது: ஒவ்வொரு வகுப்பும் தனக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். இன்று மட்டும் வந்தவரும் ஒரு முழுச் சொல்லைப் படிக்க, எழுதத் தெரிந்துகொண்டு பிளாக்குக்குப் போக வேண்டும். தொடர்ந்து வருகிறவர்கள் அதே சொல்லை வைத்துச் சொற்றொடர் எழுதட்டும். தண்டனைக் கைதிகளும் விசாரணைக் கைதிகளும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் இரண்டு வகுப்பு கிடைத்தால், தண்டனைப் பகுதிக்கு மட்டும் நீண்ட திட்டம் போடலாம். அங்கேயும் ஒரு போட்டி உண்டு. தறி, தையல், பேக்கரி என்று வேலைக்குப் போகிறவர்களுக்குக் கூலி கிடைக்கிறது. வேலை நேரத்தில் வகுப்பு வைத்தால் அவர் ஒவ்வொரு எழுத்தையும் காசு கொடுத்து வாங்குகிறார் என்று அர்த்தம். வேலை முடிந்து, மாலை உணவுக்கும் லாக்கப்புக்கும் முன்னால் கிடைக்கும் ஒரு மணி நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். உறவினர் வந்து சந்திக்கும் ‘மனு’ நாளில் வகுப்பு வைக்காதீர்கள். உறவினர் வருவார் என்று காத்திருப்பவர் காதில் எதுவும் ஏறாது. வந்துவிட்டுப் போனபிறகு இன்னும் ஏறாது.

எழுத்தறிவு இல்லாதவர்களுக்குக் கல்வி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று நெல்சன் மண்டேலா விதிகள் எனப்படும் ஐ.நா. விதிகளின் 104-ஆம் விதி சொல்கிறது. கல்வியைக் கொடுக்க வேண்டியது சிறையின் கடமை என்ற பொருளில் அது நல்ல விதி. வரமாட்டேன் என்பவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைப்பதற்கு அதைச் சாட்சியாக்கினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உள்ளே ஒரு மனிதர் தானாக எடுக்கக்கூடிய முடிவுகள் மிகக் குறைவு. வகுப்புக்கு வருவதும் வராததும் அவற்றில் ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் நாள்

பெயர் கேளுங்கள், ஊர் கேளுங்கள். என்ன கேஸ் என்று கேட்காதீர்கள், எப்போதும் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், மேலே துருவாதீர்கள். உங்களைவிட வயதானவரை ஐயா என்றும் அண்ணே என்றும், சிறியவரைத் தம்பி என்றும் கூப்பிடுங்கள். நாள் முழுக்க எண்ணாலும் ‘டேய்’யாலும் அழைக்கப்படுகிறவருக்கு அந்த ஒரு சொல் எங்கேயோ போய்த் தொடும். ஆனால் அதையே மிகையாகச் செய்து குழையக் கூடாது. அவர்கள் மனிதர்களை எடைபோடுவதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

வட்டமாக உட்காரவைக்கலாமா? வயதுவந்தோர் கல்விக்காரர்களுக்கு வட்டம் என்றால் உயிர். சிறையில் காவலர் கண்ணுக்கு எல்லாருடைய கையும் தெரிய வேண்டும். அரைவட்டம் போட்டு, திறந்த பக்கம் காவலரைப் பார்த்திருக்கும்படி வையுங்கள். நீங்கள் கதவுக்குப் பக்கமாக இருங்கள். இதில் பயப்பட ஒன்றுமில்லை, காவலர் நிம்மதியாக இருந்தால் நாற்பது நிமிட வகுப்பில் நாற்பது நிமிடமும் உங்களுக்குக் கிடைக்கும். அவ்வளவுதான்.

அடுத்ததாக, கண். நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும். "எனக்குப் படிப்பு ஏறாது சார், மண்டை மரத்துப்போச்சு" என்று ஒருவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஒரு செய்தித்தாளைக் கையில் கொடுத்து, படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கையை முழுக்க நீட்டிப் பிடித்துப் பார்த்தால் கோளாறு மண்டையில் இல்லை. சிறை மருத்துவரிடம் பெயரை எழுதிக் கொடுத்து, கண்ணாடிக்கு ஏற்பாடு செய்யுங்கள். கண்ணாடி வரும்வரை கரும்பலகையில் உள்ளங்கை அளவு எழுத்தில் எழுதுங்கள். மூன்று மாதம் மந்தமாகக் கிடந்த ஒருவர், கண்ணாடி வந்த வாரத்தில் மொத்த வகுப்பையும் முந்திக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று மாதமும் வீணானதற்கு நான்தான் காரணம்.

எந்தச் சொல்லில் தொடங்குவது

எழுத்தில் தொடங்காமல் சொல்லில் தொடங்கும் முறை புதிதல்ல. பாவ்லோ ஃப்ரெய்ரே 1963-இல் பிரேசிலின் அங்கிக்கோஸ் ஊரில் உழைப்பாளிகளின் பேச்சிலிருந்தே சொற்களை எடுத்துப் பாடம் நடத்தினார். நம் ஊரில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ‘பட்டா’, ‘படி’ என்று தொடங்கியது. நிலம் இல்லாதவருக்கு பட்டா என்ற சொல் வெறும் எழுத்துக்கூட்டம் இல்லை, அதை வைத்து ஒரு மணி நேரம் பேசலாம். சிறைக்குள் அப்படிப் பேசவைக்கும் சொற்கள் எவை?

வாய்தா, ஜாமீன், மனு, விடுப்பு. கேட்டதும் முகம் மாறும் சொற்கள். நானும் அவற்றில்தான் தொடங்கினேன். ஒரு வாரத்திலேயே வகுப்பு சட்ட ஆலோசனைக் கூடமாகிவிட்டது. ‘ஜாமீன்’ என்று எழுதியதும், "சார், என் வக்கீல் ரெண்டு வாய்தாவா வரல" என்று ஒருவர் ஆரம்பிப்பார், அதோடு பாடம் முடிந்தது. ‘ஜா’ என்ற எழுத்தும் கடினம். அதனால் அவற்றை இரண்டாம் மாதத்துக்குத் தள்ளிவிட்டு, கடிதத்திலிருந்து சொல்லை எடுத்தேன்.

நம் வீட்டுக் கடிதங்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. இங்கு நான் நலம், அங்கு நீங்கள் நலமா, அம்மா நலம், தம்பி நலம் என்று எல்லாக் கடிதமும் ஒரே வாசலில்தான் நுழையும். அந்த வாசலைத் திறக்கும் சாவியாக ‘நலம்’ என்ற சொல்லை முதல் நாள் எழுதினேன். மூன்று எழுத்து, கொம்பு, கால் எதுவும் இல்லை. அடுத்தது ‘அம்மா’. பிறகு ‘மகன்’, ‘மகள்’. கடைசி எழுத்து ஒன்றுதான் மாறுகிறது. மகனும் மகளும் உள்ள ஒரு அப்பாவுக்கு ‘ன்’ எது, ‘ள்’ எது என்று நீங்கள் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அவர் அதைத் தவறவிட மாட்டார். இந்த நான்கு சொல்லில் கிடைத்த எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் மனம், கனம், மாமா, நகம், கலகம் என்று இன்னும் பத்துச் சொற்கள் வரும். மூன்றாம் நாளே அவர் தனக்கு யாரும் சொல்லித்தராத ஒரு சொல்லைப் படித்திருப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கவென்றே நான் கேட்டில் தலை குனிந்து உள்ளே போகலாம்.

கொம்பு வைத்த எழுத்துகளைத் தள்ளிப்போடுங்கள். ‘கெ’, ‘கே’, ‘கை’ இவற்றில் ஒலி பின்னால் வருகிறது, குறி முன்னால் நிற்கிறது. ‘கொ’வில் இரண்டு பக்கமும் நிற்கிறது. சிறு பிள்ளைகள் இதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வார்கள். வயதானவர் கேட்பார்: "முன்னாடி எழுதிட்டு ஏன் சார் பின்னாடி படிக்கணும்?" நியாயமான கேள்வி, என்னிடம் நல்ல பதில் இல்லை. அதுதான் வழக்கம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு சுழி ‘ன’வும் மூன்று சுழி ‘ண’வும் பற்றியும், ல, ள, ழ பற்றியும் ஆறு மாதத்துக்கு வாயைத் திறக்காதீர்கள். ‘பல்லிக்கூடம்’ என்று எழுதினாலும் பொருள் புரிகிறது. சிவப்பு மை இந்த வகுப்பில் வேண்டாம்.

பாடநூல்களை நம்பி ஏமாந்த ஒரு இடமும் உண்டு. எங்கள் வகுப்பில் ஒருவர் பாடப்புத்தகத்தைத் தடையில்லாமல் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். வீட்டிலிருந்து கடிதம் வந்தது. ஒரு சொல்கூட விளங்கவில்லை என்று கையில் கொண்டுவந்து நின்றார். எழுதியது ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள். சாய்ந்த கையெழுத்து, புள்ளி வைக்காத மெய்யெழுத்து, சேர்த்துச் சேர்த்து எழுதிய சொற்கள். அச்சு வேறு, கை வேறு என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. அதற்குப் பிறகு, தெரிந்தவர்கள் பலரிடம் ஒரே செய்தியை ஆளுக்கொரு தாளில் எழுதி வாங்கினேன். பள்ளிப் பிள்ளை, பாட்டி, மருந்துக்கடைக்காரர், அவசரக் கையெழுத்துள்ள ஒரு வாத்தியார். எட்டுவிதக் கையெழுத்தைப் படிக்கும் பயிற்சிதான் எங்கள் இரண்டாம் கட்டம். நீங்களும் உங்கள் தெருவில் இதைச் சேகரிக்கலாம், செலவே இல்லை.

கையெழுத்து போடுவது

கைநாட்டு வைப்பவருக்கு முதலில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுங்கள் என்பது பழைய ஆலோசனை. ரேகை வைக்கும்போது ஊதா மை விரலில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் போகாது, அது ஒரு மானப் பிரச்சினை. ஆகவே எல்லாரும் முதல் வாரமே கேட்பார்கள். நான் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன். தன் பெயரை மட்டும் படமாக வரையத் தெரிந்து, அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாதவரின் நிலை, கைநாட்டு வைப்பவரைவிடப் பரிதாபம். ரேகை வைக்கும்போது, "படிச்சுக் காட்டுங்க" என்று கேட்கும் உரிமையாவது கூடவே இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர் படித்துப் பார்த்துப் போட்டதாகத்தான் கணக்கு.

அதனால் எங்கள் வகுப்பில் கையெழுத்துப் பாடத்தோடு இன்னொரு பாடமும் சேர்ந்தே வரும். வெற்றுத் தாளைக் காட்டி, "இதுல கையெழுத்துப் போடுங்க" என்பேன். போட்டுவிட்டால் தோல்வி. போடாமல், "மேல என்ன எழுதப் போறீங்க?" என்று கேட்டால் வெற்றி. இதை விளையாட்டாகவே நடத்துங்கள். நன்றாகக் கையெழுத்து வந்த பிறகுதான் இந்த விளையாட்டில் ஏமாறுவார்கள், புதிதாகக் கிடைத்ததைப் போட்டுப் பார்க்கும் ஆசை அப்படி.

கணக்கு

உள்ளே கணக்கு என்றால் தலைகளை எண்ணுவது. அதனால் கணக்குப் பாடம் என்று அறிவித்தால் சிலர் எழுந்து வரிசையில் நின்றுவிடுவார்கள், உண்மையாகவே நடந்தது.

எழுத்துத் தெரியாத பலருக்கு எண் தெரியும். பலகையில் 302 என்று எழுதினால் ஒருவர் விடாமல் படிப்பார்கள், ஹிஸ்டரி டிக்கெட் எனும் சிறைப் பதிவுச் சீட்டில் பார்த்துப் பார்த்துப் பழகிய, கொலைக்கான பழைய பிரிவு எண். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த கொலைக்குப் புதிய சட்டத்தில் 103-ஆம் பிரிவு. ஆகவே இப்போது பழைய ஆட்களுக்கு ஒரு வாய்ப்பாடு, புது ஆட்களுக்கு ஒரு வாய்ப்பாடு. எண் தெரிகிறதே என்று இவற்றைப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது அந்த எண்ணை மறந்திருக்கத்தான் அவர் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

நாள் கணக்கு எடுங்கள். விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்கள் தண்டனையில் கழியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 428-ஆம் பிரிவு, புதியதில் 468. மார்ச் 12 அன்று உள்ளே வந்தவருக்கு ஆகஸ்ட் 5 அன்று தீர்ப்பு. தீர்ப்பு நாளுக்கு முன்பு எத்தனை நாள்? விரல் முட்டியை மேடு, பள்ளமாக எண்ணி எந்த மாதத்துக்கு 31 என்று கண்டுபிடிக்கவைத்து, மார்ச்சில் 20, ஏப்ரலில் 30 என்று அடுக்கிக் கூட்டினால் 146 வரும். இதைவிட ஊன்றிப் போடும் கூட்டல் கணக்கு எந்தப் பள்ளியிலும் பார்க்க மாட்டீர்கள். பிறகு ஒவ்வொருவரும் தன் சொந்தத் தேதியை வைத்து ரகசியமாகப் போட்டுப் பார்த்துக்கொள்வார்கள், அதை எட்டிப் பார்க்காதீர்கள். கூலிச் சீட்டில் பிடித்தம் போக மீதி, கேன்டீன் விலை ஆகியவை அடுத்து வரும். ஒருவர் போட்ட கணக்கு அலுவலகக் கணக்கோடு பொருந்தவில்லை என்றால் நீங்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. காவலில் உள்ள எவருக்கும் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. சிறையின் சட்ட உதவி மையத்துக்கு மனு எழுத உதவுவதோடு உங்கள் வேலை முடிந்தது. அந்த மனுவை அவரே எழுதினால் அதுவும் ஒரு பாடம்.

நான் செய்த தவறு

ஐம்பது வயதுக்காரர். எட்டு மாதம் தொடர்ந்து வந்தார். ஒரு நாள் தன் ஊரிலிருந்து வந்த கடிதத்தோடு வகுப்புக்கு வந்தார், இன்னும் படித்துப் பார்க்கவில்லை, உங்கள் முன்னால் படிக்கலாம் என்று கொண்டுவந்தேன் என்றார். எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. எல்லாரும் கேட்கட்டும், வாய்விட்டுப் படியுங்கள் என்றேன். இங்கு அனைவரும் நலம் என்ற வரியைப் படித்தார், எல்லாரும் கைதட்டினார்கள். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். நான் எழுத்துத் தெரியவில்லை என்று நினைத்துப் பக்கத்தில் போய்க் குனிந்து உதவப் பார்த்தேன்.

அம்மா இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய கடிதத்திலேயே அம்மா படுத்த படுக்கையாக இருப்பதை எழுதியிருந்தார்களாம். அதைப் படித்துச் சொன்ன பிளாக் நண்பர், இவர் தாங்க மாட்டார் என்று அந்த வரிகளைத் தாண்டிவிட்டிருக்கிறார். தெரிந்திருந்தால் அவசர விடுப்புக்கு மனுவாவது போட்டிருப்பார்.

படித்துச் சொல்பவர்கள் எல்லாரும் சுரண்டுகிறவர்கள் என்று அதுவரை நான் எண்ணியிருந்ததும் அன்றைக்கு உடைந்தது. அந்த நண்பர் இரக்கத்தால் செய்தார். இரக்கம் காட்டினாலும், என்ன செய்வது என்று முடிவெடுக்கும் இடத்திலிருந்து இவரை அது தள்ளிவிட்டது. நான் செய்தது இன்னும் மோசம். எந்த ஒன்றுக்காக எட்டு மாதம் உழைத்தோமோ அந்தத் தனிமையை, என் பெருமைக்காகப் பதினைந்து பேர் முன்னால் நானே பறித்தேன்.

சொந்தக் கடிதம் வகுப்புக்குள் வரக் கூடாது. நீங்களே எழுதிய பயிற்சிக் கடிதங்கள் போதும். அவற்றில் நல்ல சேதி மட்டும் இருக்கக் கூடாது, கடன், காய்ச்சல், தள்ளிப்போன கல்யாணமும் இருக்கட்டும், அந்தச் சொற்களும் கண்ணுக்குப் பழக வேண்டும். கடிதம் வந்த மறுநாள் ஒருவர் வராவிட்டால், நல அலுவலரிடமோ மனவியல் நிபுணரிடமோ காதில் போட்டு வையுங்கள்.

உள்ளிருந்தே ஆசிரியர்கள்

வாரத்தில் இரண்டு நாள் வரும் உங்களால் ஆகிற காரியம் கொஞ்சம்தான். மற்ற ஐந்து நாளும் பிளாக்குக்குள் பயிற்சி நடக்க, படித்த சிறைவாசிகள் வேண்டும். பட்டதாரிகள் தாராளமாகக் கிடைப்பார்கள். ஆனால் பட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிளாக்கில் யார் ஏற்கெனவே மற்றவர்களுக்குக் கடிதம் படித்துச் சொல்கிறாரோ அவரைப் பாருங்கள். நீங்கள் அவருடைய செல்வாக்கைப் பறிக்க வந்தவர் என்று அவர் நினைத்தால் உங்கள் வகுப்பைச் சிரித்தே கலைத்துவிடுவார். ஆசிரியராக்கிவிட்டால் அதே செல்வாக்கு வேறு பக்கம் திரும்பும். எல்லா நேரமும் பலிக்காது, இருவரில் ஒருவரிடம் பலித்தது.

வருகிறவர்கள் எந்தெந்தப் பிளாக்கிலிருந்து வருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரே பிளாக்கிலிருந்து மட்டும் ஆட்கள் வந்தால் காரணம் கேளுங்கள். சிறைகளில் சாதி பார்த்துப் பிரித்து வைப்பதும் வேலை கொடுப்பதும் அரசியலமைப்புக்கு எதிரானது என்று சுகன்யா சாந்தா வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவேடுகளிலிருந்து சாதிக் கலத்தையே நீக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் பாளையங்கோட்டைச் சிறையும் பேசப்படுகிறது. தீர்ப்பு வந்துவிட்டதால் மனசு மாறிவிடாது. உங்கள் வகுப்பில் ஒரே நோட்டை இருவர் பகிர்ந்துகொள்ளும்படி ஜோடி சேர்த்துவிடுங்கள், ஜோடியை வாரம்தோறும் மாற்றுங்கள், காரணத்தை அறிவிக்காதீர்கள். யாராவது இடம் மாறி உட்கார்ந்தால் அன்றைக்கே சண்டைக்குப் போக வேண்டாம், அடுத்த வாரமும் அதே ஜோடியைப் போடுங்கள்.

தேர்வைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. உல்லாஸ் என்ற பெயரில் 2022 முதல் 2027 வரை நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில், படிக்க 50, எழுத 50, எண்ணறிவு 50 என்று 150 மதிப்பெண்ணுக்கு ஒரு மதிப்பீடு உண்டு. சான்றிதழும் உண்டு. எழுதவைக்கலாம், பலருக்கு வாழ்க்கையில் முதல் சான்றிதழ் அதுதான். மேலே படிக்க விரும்புகிறவர்களுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளியும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. எந்த விண்ணப்பம் நிரப்பினாலும் முகவரிக் கட்டத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். வீட்டு முகவரி எழுத வழியிருந்தால் அதையே எழுதுங்கள். வெளியே போய் வேலை கேட்கும் இடத்தில் சிறையின் பெயர் போட்ட தாளை யாரும் நீட்ட விரும்ப மாட்டார்கள்.

போகிறவர்கள்

விடுதலையும் வேறு சிறைக்கு மாற்றமும் உங்களிடம் சொல்லிக்கொண்டு நடக்காது. போன வாரம் இருந்தவர் இந்த வாரம் இல்லை, அவ்வளவுதான். வருகைப் பதிவேட்டில் அவர் பெயரைக் கோடு போட்டு அடிக்காதீர்கள், மற்றவர்கள் அதைப் பார்ப்பார்கள். பக்கத்தில் தேதியை மட்டும் எழுதுங்கள். நோட்டு அவருடையது, வகுப்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் அவர் போகும்போது அது உள்ளேயே கிடக்கும். எனவே நோட்டைப் பிளாக்குக்கே கொடுத்தனுப்ப முதலிலேயே அனுமதி வாங்கிவிடுங்கள்.

ஜாமீன் உத்தரவு பெரும்பாலும் சாயங்காலம்தான் வந்து சேரும். இருட்டும் நேரத்தில், கையில் ஒரு பையோடு, வருஷக்கணக்கில் பார்க்காத ரோட்டில் வந்து நிற்பார். அழைத்துப்போக யாரும் வந்திருக்க மாட்டார்கள். எதிரே வருகிற பேருந்தின் பலகையை அவர்தான் படிக்க வேண்டும். அதனால் ஊர்ப் பெயர்ப் பாடத்தைக் கடைசிக்கு வைக்காதீர்கள். முதல் வாரத்திலேயே ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊரின் பெயரையும், அந்த ஊருக்குப் பேருந்து மாற வேண்டிய ஊரின் பெயரையும், பேருந்துப் பலகையில் இருப்பதுபோலப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நோட்டின் முதல் பக்கத்தில் பசை வைத்து ஒட்டச் சொல்லுங்கள். பின் வேண்டாம்.